ஓரியானா வளர்த்த சேவல்

ஒரு சேவல் உதைத்து ஒருத்தி சாகக் கிடந்தாள் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவள் நான்தான். கோழிகளோடேயே வளர்ந்தவள். கீறலும் கொத்தும் இல்லாத கை எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. ஆனால் அந்த ஜனவரிக் காலையில் என் கண்ணெதிரே நடந்தது அதுதான்.

என் பெயர் எர்சிரா. சோல்சோல் ஊருக்கு வெளியே, ஆற்றுக்கு மேலே உள்ள மேட்டில் எங்கள் வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் செகுந்தோ மர வேலை செய்கிறவர். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்த நிலத்தை வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான் கமலியேலும் அவர் மனைவி ஓரியானாவும். இரண்டு பேருமே தல்காவானோ துறைமுகத்துக்காரர்கள். அவர் டவுன் பஸ் ஓட்டினவர். அவள் மீன் தொழிற்சாலையில், டப்பாக்களில் மீன் அடைக்கிற வரிசையில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவள். நின்று நின்று அவள் கால்களில் நரம்புகள் மண்புழு மாதிரி புடைத்துச் சுருண்டிருக்கும். கோழியை அதுவரைக்கும் இரண்டு பேரும் தட்டில்தான் பார்த்திருந்தார்கள்.

வந்த புதிதில் ஒரு நாள் கமலியேல் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"வெசினா, கோழி எத்தனை மணிக்கு முட்டை போடும்?"

பக்கத்து வீட்டுக்காரியை இங்கே வெசினா என்றுதான் கூப்பிடுவோம்.

"அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப. அது என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வர?"

"என் பஸ்ஸே நேரத்துக்கு வந்ததில்லையே," என்றார் அவர். அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஒரே மாதிரிக் கோழிகளாக வாங்குங்கள், ஆரம்பத்துக்கு அதுதான் சுலபம் என்று செகுந்தோ சொல்லிப் பார்த்தார். கமலியேல் கேட்கவில்லை. தெமுகோ சந்தைக்குப் போகும்போதெல்லாம் அட்டைப்பெட்டியில் ஏதாவது ஒரு புது ரகத்தோடு வருவார். வாலே இல்லாத கொயொங்கா, இறகெல்லாம் வெளிப்பக்கமாகச் சுருண்டு மழையில் நனைந்த பஞ்சு மாதிரி இருக்கும் திரிந்திரே, கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத மொட்டைக் கழுத்து, கால்விரல் வரை இறகு முளைத்த பெரிய சாம்பல் கோழி ஒன்று, துடியாக ஓடும் வெள்ளைக் கோழிகள் சில. எல்லாவற்றையும் ஒரே கூண்டில் விட்டார்.

"ஊர்வலம் மாதிரி இருக்குல்ல?" என்று பெருமையாகக் கேட்டார்.

"சர்க்கஸ் மாதிரி இருக்கு," என்றார் செகுந்தோ.

அந்த முதல் வருஷம் ஓரியானாவுக்கு அதிர்ச்சிக்குமேல் அதிர்ச்சி. முதலாவது, கொயொங்கா போட்ட நீல முட்டை. அதைத் துணியில் சுற்றி, குண்டைத் தூக்கி வருகிறவள் மாதிரி என்னிடம் கொண்டுவந்தாள்.

"வெசினா, இது கெட்டுப்போச்சா? சோப்புப் போட்டுக்கூடத் தேய்ச்சுப் பாத்துட்டேன். நீலம் போகவே மாட்டேங்குது."

நான் அதை அவள் முன்னாலேயே உடைத்து, வெண்ணெயில் பொரித்து, ரொட்டியோடு கொடுத்தேன். தின்னத் தின்ன முட்டை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது அப்படிச் சிரிக்கிற சமாசாரம் இல்லை. சந்தையில் யாரோ ஒருத்தன், நன்றாக முட்டை போடும் என்று சொல்லி மஞ்சள் குஞ்சுகள் ஒரு பெட்டி கொடுத்துவிட்டான். அவை இறைச்சிக் கோழிகள். தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன. மற்றக் குஞ்சுகளுக்கு இறகு முளைப்பதற்குள் இவை பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டன. நெஞ்சு கனத்து, கால்கள் விரிந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

"இதுங்களை இப்பவே அடிச்சுடுங்க," என்றேன். "இதுக்குமேல வச்சிருந்தா அதுங்களுக்குத்தான் கஷ்டம்."

"குழந்தை முகம் வெசினா, பாருங்க," என்றாள் ஓரியானா. ஒரு வெயில் நாளில் ஒன்று வாயைத் திறந்தபடியே சரிந்து செத்தது. மறுநாள் இன்னொன்று. அவள் ஒவ்வொன்றையும் ஆப்பிள் மரத்தடியில் புதைத்தாள். கமலியேல் குழி வெட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வெட்டினார்.

அதற்கப்புறம் மொட்டைக் கழுத்துக் கோழி. வேலிக் கம்பியில் கிழித்துக்கொண்டு அதன் முதுகில் சின்னதாக ஒரு காயம். ஓரியானா அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பிற்பகல் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினபோது, வெள்ளைக் கோழிகள் அதை மூலையில் அமுக்கி, சிவப்பைக் கண்ட இடத்திலெல்லாம் கொத்திக்கொண்டிருந்தன. அது இன்னும் உயிரோடு இருந்தது. கத்தக்கூட இல்லை. ஓரியானா கூண்டுக்கு வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

"நேத்து வரைக்கும் ஒண்ணா தூங்குச்சுங்களே, வெசினா. ஒரே கம்புல, தோளோட தோள் உரசிக்கிட்டு."

"அதுங்களுக்கு ரத்தம் தெரிஞ்சா போதும். வேற எதுவும் தெரியாது," என்றேன்.

ஊருக்கே திரும்பிப் போய்விடுவார்கள் என்று செகுந்தோ நினைத்தார். ஆனால் அந்த வசந்தத்தில்தான் அமைச்சர் பிறந்தது.

அடையிலிருந்த கொயொங்கா பாதியில் எழுந்து போய்விட்டது. முட்டைகள் ஜில்லிட்டுக் கிடந்தன. ஒன்றில் மட்டும் உள்ளேயிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். ஓரியானா அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, விறகு அடுப்புப் பக்கத்தில் வைத்து, அடிக்கடி கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சு வெளியே வந்ததும் கண்ட முதல் முகம் அவளுடையதுதான். அதற்கப்புறம் அவள் ஏப்ரன் பைதான் அதற்கு வீடு. அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்தால் அது மேஜைமேல் நிற்கும். அவள் மாத்தே இலைத் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் அவள் தோளில் ஏறிக்கொள்ளும். குழந்தை இல்லாத வீடு அது. நானும் அதைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

வளர்ந்தபோது அது சேவல் என்று தெரிந்தது. வால் கிடையாது. காதுகளுக்கு இரண்டு பக்கமும் மீசை மாதிரி இறகுக் கொத்து. நெஞ்சை நிமிர்த்தி மெதுவாக நடக்கும். "பாலம் திறக்க வந்த அமைச்சர் மாதிரி இருக்கான்," என்று செகுந்தோ ஒரு நாள் சொல்ல, அதுவே பெயராகிவிட்டது.

அமைச்சருக்கு மனிதர்கள்மேல் பயமே இல்லை. கோழிகளோடு வளராத சேவலுக்கு நாமும் இன்னொரு சேவல்தான். கமலியேல் கூண்டுக்குள் போனால் பக்கவாட்டில் வந்து, ஒரு இறக்கையைத் தரையில் உரசி, சட்டென்று பாயும். கமலியேல் சிரித்துக்கொண்டே ஓடுவார். எங்கள் எல்லோருக்குமே அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஓரியானாவை மட்டும் அது ஒன்றும் செய்ததில்லை.

"இவனுக்கு நான்தான் அம்மா. இவன் என்னைத் தொடமாட்டான்," என்பாள்.

"காலுக்கு முள்ளு வந்துருச்சு, பாத்துக்க," என்று நான் ஒரு தடவை சொன்னேன். சேவலின் காலுக்குப் பின்னால் வளருமே, அந்த முள். இரண்டு வருஷத்தில் அமைச்சருக்கு அது விரல் நீளத்துக்கு, நுனி கூராக வளர்ந்திருந்தது. ஓரியானா அதைத் தடவிப் பார்த்து, "அழகா இருக்குல்ல?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஜனவரி என்றால் கோடை, பள்ளிக்கூட விடுமுறை. வேன் வாசலில் சும்மா நின்றது. நான் தோட்டத்தில் உருளைக்கிழங்குச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓரியானா குட்டைப் பாவாடையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு, முட்டைக் கூடையோடு கூண்டுக்குள் போனது எனக்குத் தெரிந்தது. புதிதாக வாங்கின பூப்போட்ட பாவாடை. அதைப் பார்த்து அமைச்சர் மிரண்டதோ என்னவோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஒரு சின்னக் குரல்தான் கேட்டது. "ஐயோ," என்று. முழங்காலில் இடித்துக்கொண்டால் சொல்வோமே, அந்த மாதிரி. நான் நிமிரக்கூட இல்லை.

அதற்கப்புறம் கமலியேல் கத்தினார். அந்தக் கத்தல் மனுஷக் குரல் மாதிரியே இல்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வேலியைத் தாண்டினேன்.

ஓரியானா கூண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் முட்டைக் கூடை, ஒரு முட்டையும் உடையவில்லை. அவள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்காலுக்கு மேலே புடைத்திருந்த நரம்பிலிருந்து ரத்தம் நூலாகப் பீய்ச்சி அடித்தது. தோட்டக்குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீறிடுமே, அப்படி. எதிரே இருந்த தீவனத் தொட்டிமேல் பட்டுத் தெறித்தது. ரப்பர் செருப்பு நிறைந்து வழிந்தது. வெள்ளைக் கோழிகள் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தன.

"வலிக்கவே இல்லை, வெசினா," என்றாள் அவள். ஆச்சரியமான குரலில்தான் சொன்னாள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

கமலியேல் எங்கே என்று பார்த்தேன். இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் கையில் விறகுக் கட்டையோடு சேவலைத் துரத்திக்கொண்டிருந்தார். ஆப்பிள் மரத்தைச் சுற்றி, வண்டிக் கொட்டகையைச் சுற்றி, கண்டபடி கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு, அழுதுகொண்டு. மனைவி ஒருத்தி இங்கே ரத்தமாகக் கொட்டிக்கொண்டு நிற்கிறாள், அவர் அங்கே சேவலைத் துரத்துகிறார்.

நான் ஓரியானாவை அப்படியே தரையில் படுக்க வைத்தேன். காலைத் தூக்கித் தீவன மூட்டைமேல் வைத்தேன். என் ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டி, அந்த ஓட்டையின்மேல் வைத்து, உள்ளங்கையால் முழு பலத்தோடு அமுக்கினேன். வேன் ஓட்ட அனுமதி வாங்கும்போது ஒரு நாள் முதலுதவி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்கு நான் தூங்கிவிழுந்ததுதான் ஞாபகம். ஆனாலும் கை தானாகவே செய்தது.

"கமலியேல்!" என்று கத்தினேன். "கட்டையைப் போடுங்க! இங்க வாங்க! உங்க பொண்டாட்டி போயிடுவா!"

அவர் நின்றார். அப்போதுதான் ரத்தத்தை முழுதாகப் பார்த்தார்போல. கட்டை கையிலிருந்து விழுந்தது. ஓடி வந்து மண்டியிட்டார்.

"எங்க அமுக்கணும்? எங்க?"

அவர் கட்டைவிரலைப் பிடித்து ஏப்ரனுக்கு மேலே வைத்தேன். "இதை எடுக்கக் கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும் எடுக்கக் கூடாது."

வேனின் பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். பிள்ளைகள் ஒட்டிவைத்த பூப் படங்களுக்குக் கீழே அவள் தலை. கமலியேல் தரையில் குந்தி உட்கார்ந்து அவள் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். மண்சாலையில் நான் ஓட்டின வேகத்துக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் என் உரிமத்தையே பிடுங்கியிருப்பார்கள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் யூகலிப்டஸ் கட்டை ஏற்றின லாரி ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஹாரனை அமுக்கினது அமுக்கினபடி ஓட்டினேன். அவன் ஜன்னல் வழியே கையை நீட்டித் திட்டினான்.

"கிழவி, தூங்காத," என்று பின்னாலிருந்து கமலியேலின் குரல் கேட்டது. "கிழவி, என்னைப் பாரு. ஏதாவது பேசு."

"என்ன பேச?"

"எதையாவது. என்னைத் திட்டு."

"முட்டையை... உள்ள வச்சியா?" என்றாள் அவள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

லாரி ஒரு வளைவில் ஒதுங்கினது. எதிரே வண்டி வருகிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே தாண்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஓரியானாவை வண்டிக்கட்டிலில் ஏற்றினார்கள். கமலியேலின் விரலை எடுக்கச் சொன்னார்கள். அவரால் எடுக்க முடியவில்லை. விரல் விறைத்துப்போயிருந்தது. எடுக்க மாட்டேன் என்கிறாரா, முடியவில்லையா என்று அவர்களுக்கே புரியவில்லை. ஒரு நர்ஸ் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பிரித்தெடுத்தாள்.

"எது குத்தினது?" என்று டாக்டர் கேட்டார். இளம் டாக்டர்.

"சேவல்," என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் போதையில் இருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

ரத்தம் ஏற்றினார்கள், தையல் போட்டார்கள், பிறகு ஆம்புலன்ஸில் தெமுகோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அங்கிருந்து கமலியேல் போனில் கூப்பிட்டார். பிழைத்துவிட்டாள் என்றார். நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எத்தனை வாளி ஊற்றியும் சிவப்பாகவே ஓடியது. வாளியை வைத்துவிட்டு வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் செகுந்தோ கத்தியைத் தீட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார். அமைச்சர் ஓரியானாவின் வீட்டுக் கதவு முன்னால் நின்று, உள்ளே விடச் சொல்லிக் கதவைக் கொத்திக்கொண்டிருந்தது. செகுந்தோவின் கை அதன்மேல் படுவதற்குள் என் போன் அடித்தது. ஓரியானா.

"அவனை யாரும் தொடாதீங்க, வெசினா." குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. "நான் வர்ற வரைக்கும் தொடக் கூடாது."

"உனக்குப் பைத்தியமா? உன்னைக் கொல்லப் பாத்தது."

"நான் வர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

"மன்னிச்சுட்டா பாரு," என்று செகுந்தோ கத்தியை மடக்கினார். "இறைச்சிக் கோழிக்கே சமாதி கட்டினவ. இதை மடியில வச்சுக் கொஞ்சப்போறா."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் காலில் கட்டோடு ஊன்றுகோல் பிடித்து வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் ரொட்டியோடு போயிருந்தோம். கமலியேல் அவளைத் தாங்கிப் பிடித்து முற்றத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார். சேவலைப் பிடித்துவரச் சொன்னாள். அவர் கம்பளியைப் போட்டுப் பிடித்து, கையை நீட்டித் தூரமாகவே வைத்துக் கொண்டுவந்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அமைச்சர் உடனே அமைதியாகிவிட்டது. அவள் ஏப்ரனுக்குள் தலையை நுழைத்தது. அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். காதோர இறகுகளை ஒழுங்குபடுத்தினாள். என் கண் கலங்கியது.

அடுத்த நொடி அவள் கை திரும்பினது. ஒரே திருகல். முறிகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இறக்கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவை அடங்கும்வரை அவள் அதைத் தன் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். கமலியேலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் வளர்த்தது," என்றாள் ஓரியானா. "அதை முடிக்கிறதும் நான்தான். இன்னொருத்தர் கையில அவன் பயந்துக்கிட்டே போகக் கூடாது." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெசினா, தண்ணி கொதிக்க வைங்க. இறகு பிடுங்க எனக்குத் தெரியாது, சொல்லிக் குடுங்க," என்றாள்.

பூசணியும் சோளமும் உருளைக்கிழங்கும் போட்டு கசுவேலா குழம்பு வைத்தோம். சேவல் இறைச்சி கெட்டி, வேக நேரமாயிற்று. மேஜையில் நான்கு தட்டு. அவள் முதலில் சாப்பிட்டாள், மெதுவாக, ஒவ்வொரு வாயாக, கண்ணீர் வழிய வழிய. துடைத்துக்கொள்ளவில்லை. கமலியேல் கரண்டியைத் தொடவே இல்லை.

பாதித் தட்டு காலியானதும் அவள் அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"கிழவா, நான் அங்க நின்னுக்கிட்டிருந்தேன். நீ ஏன் கோழியைத் துரத்தப் போன?"

அவள் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். செகுந்தோ மேஜைக்கடியில் என் முழங்காலை அமுக்கினார்.

கமலியேல் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியல, கிழவி. ஆஸ்பத்திரியில உட்கார்ந்து இதையேதான் யோசிச்சேன். அதை அடிச்சுப்போட்டா உன் ரத்தம் நின்னுடும்னு தோணுச்சோ என்னமோ. உன் பக்கம் பாக்கறதுக்கு பயமா இருந்தது. பாத்தா நிஜமாயிடுமே."

ஓரியானா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் ஊன்றுகோலைத் தூக்கி அவர் மண்டையில் போடப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கை நீட்டி அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கையும் சோளத்தையும் மட்டும் விட்டு அவர் பக்கமே திரும்பத் தள்ளினாள்.

"இதையாவது தின்னு," என்றாள்.

அவர் தின்றார்.

நிலத்தை விற்றுவிட்டுத் துறைமுகத்துக்கே போய்விடலாம் என்று கமலியேல் அந்த இலையுதிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அசையவில்லை. குளிர்காலத்தில் தெமுகோவில் அவள் கால் நரம்புகளுக்கு ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்து கூண்டை மூன்றாகத் தடுத்து, வெள்ளைக் கோழிகளைத் தனியாகப் பிரித்துப் போட்டாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். குஞ்சுகளைத் தாய்க்கோழியிடமே விட்டுவிடுகிறாள். எந்தக் குஞ்சுக்கும் பெயர் வைப்பதில்லை.

இப்போதும் அவள் கூண்டுக்குள் நுழைந்தால் கமலியேல் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொள்வார். கம்பி வலை வழியாக அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்னத்த பாக்கற? போய்த் தண்ணி கொண்டா," என்று அவள் உள்ளேயிருந்து அதட்டுவாள்.

அவள் வெளியே வருகிறவரை அவர் நகரமாட்டார்.